கிணற்றுத் தண்ணீரைக் காரணம் காட்டி உத்தரவாதம் மறுக்கப்பட்டமை பற்றிய முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.

பொது முகாமையாளர் அவர்களுக்கு,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

விடயம்: உங்கள் மட்டக்களப்புக் கிளையில் வாங்கிய பிரஷர் வோஷர் பழுதடைந்தமையும் உத்தரவாதம் மறுக்கப்பட்டமையும்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி,

மார்கழிக் கடைசியில் உங்கள் மட்டக்களப்புக் கிளையில் 38,500 ரூபா கொடுத்து வாங்கிய பிரஷர் வோஷர் (நீரை உயர் அழுத்தத்தில் பீச்சிக் கழுவும் இயந்திரம்), தைப்பொங்கல் கழிந்து சில வாரங்களுக்குள் நின்றுவிட்டது. ஓராண்டு உத்தரவாதம் எழுதித் தந்திருக்கிறீர்கள். திருத்தக் கொடுத்தபோது உங்கள் சேவை நிலையம் திருப்பி அனுப்பிய தாளில், பொருத்தமற்ற நீர் பாவிக்கப்பட்டதால் உத்தரவாதம் செல்லாது என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். பொருத்தமற்ற நீர் என்றால் எது என்று தொலைபேசியில் கேட்டேன். கிணற்று நீர் என்றார்கள். அந்தப் பதில்தான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது.

கல்லடி ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் உள்ள மணல் திட்டு. இங்கிருந்து தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று கரையோரமாகப் போனால் வளவுக்கு வளவு கிணறுதான். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீரின்மேல் நல்ல தண்ணீராகத் தங்கி நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர்ப்பு மேலே வரும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் கரையோரக் கிணறுகள் உப்பேறி, அவற்றை இறைத்து இறைத்துத் துப்புரவாக்கியும் மழைக்குக் காத்திருந்தும்தான் திரும்பப் பாவனைக்குக் கொண்டுவந்தோம். இதெல்லாம் இந்த ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. இங்கே கிளை திறந்து, தண்ணீரால் இயங்கும் ஒரு பொருளை விற்கும் நிறுவனத்துக்கு அது தெரியாது என்றால் நான் ஏற்க மாட்டேன். தெரிந்துகொண்டே விற்றிருந்தால் அது இன்னும் பாரதூரமானது.

நான் எதையும் கேட்காமல் பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்கியவள் அல்லள். எங்கள் வீட்டு முற்றம் இன்டர்லொக் கல் பதித்தது. ஐப்பசியில் தொடங்கும் மாரி மழை தை வரை நீளும். அந்த மாதங்களில் கல்லிலும் மதிலிலும் கிணற்றடிச் சீமெந்திலும் பாசி பிடித்துவிடும். முதுமையில் நடை தளர்ந்த என் மாமியார் அந்த முற்றத்தைக் கடந்துதான் கிணற்றடிக்குப் போக வேண்டும். வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில்தான், ஈர்க்குத் தும்புக்கட்டையும் பிளீச்சிங் பவுடரும் போதாது என்று இயந்திரம் தேடி வந்தேன். உங்கள் கிளையில் விற்பனைக்கு நின்ற தம்பியிடம் மூன்று விடயங்களைத் தெளிவாகக் கேட்டேன். எங்களிடம் இருப்பது கிணற்றுத் தண்ணீர், சற்று உவர்ப்பு உண்டு, இயந்திரம் தாங்குமா? கிணற்றிலிருந்து நேரடியாக இழுக்குமா, அல்லது கூரைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டுமா? முற்றம் முழுவதையும் ஒரே நாளில் கழுவ முடியுமா? தாங்கும், எப்படியும் எடுக்கலாம், தாராளமாகக் கழுவலாம் என்றார். என்னுடன் வந்த மகனும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பக்கத்திலேயே பித்தளைப் பம்பியும் நீண்ட நேரம் ஓடத் தகுந்த இன்டக்ஷன் மோட்டாரும் கொண்ட வேறொரு இயந்திரம் இருந்தது. விலை கூடுதல்தான். அதை எடுக்கவா என்று கேட்டேன். அது வாகனம் கழுவும் இடங்களுக்குரியது அம்மா, வீட்டுக்கு இதுவே போதும் என்றார். அந்தத் தம்பிமீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு நீங்கள் எதைச் சொல்லிக் கொடுத்தீர்களோ அதையே அவர் எனக்குச் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கூரைத் தாங்கியிலிருந்து இறங்கும் குழாயில்தான் இணைத்தோம். தொடக்கத்தில் கல்லின் கறுப்பு விலகி இயல்பு நிறம் தெரிந்தது; மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு நீரின் வேகம் ஏறி இறங்கத் தொடங்கியது. விசையை விட்ட பின்னும் மோட்டார் தானாகவே துடித்துத் துடித்து இயங்கி நின்றது. அடியில் நீர் கசிந்தது. பம்பியின் வால்விலோ சீலிலோ கசிவு ஏற்பட்டு உள்ளழுத்தம் குறையும்போது, விசையை விட்டதும் மோட்டாரை நிறுத்தும் தன்னியக்க நிறுத்தி அதை மீண்டும் மீண்டும் எழுப்பும் என்பது இவ்வகை இயந்திரத்தைத் திருத்துபவர்கள் எல்லோரும் அறிந்த அறிகுறி. அன்றே உங்கள் கிளைக்குத் தொலைபேசியில் சொன்னேன். பாவித்துப் பாருங்கள், சரியாகிவிடும் என்றார்கள். அடுத்த தடவை கரிந்த வாடை வந்து மோட்டார் நின்றுவிட்டது.

சில வாரப் பாவனையில் கிணற்று நீரின் உப்பு ஒரு பம்பியை அரித்துவிடும் என்றால், அந்தப் பம்பி இந்த மாவட்டத்தில் விற்கத் தகுந்ததல்ல. அரிக்கவில்லை என்றால், பழுதுக்குக் காரணம் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது, உத்தரவாதம் செல்லும். இரண்டில் எது உண்மையானாலும் பொறுப்பு உங்களுடையதே. உங்கள் தாளிலோ நீரைச் சோதித்த அளவு இல்லை, கழற்றிய பாகத்தின் படம் இல்லை, எந்தப் பாகம் பழுது என்ற விபரமும் இல்லை.

இனிப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பல ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த எனக்கு இந்தப் பகுதிதான் மிகுந்த மனவருத்தம் தருகிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் 1500 வட்ஸ், 150 பார், நிமிடத்துக்கு 7 லீற்றர் என்று மூன்று எண்கள். பார் என்பது அழுத்தத்தின் அலகு. அழுத்தத்தைப் பாரிலும் நீரோட்டத்தை நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்றும் எடுத்துப் பெருக்கி 600ஆல் வகுத்தால், நீருக்குப் போய்ச் சேரும் வலு கிலோவட்ஸில் கிடைக்கும். 150ஐ 7ஆல் பெருக்கினால் 1050. 600ஆல் வகுத்தால் 1.75. அதாவது 1750 வட்ஸ். மின்சாரத்திலிருந்து 1500 வட்ஸ் எடுக்கும் இயந்திரம் நீருக்கு 1750 வட்ஸ் கொடுக்க முடியாது. சக்திக் காப்பு விதியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளையே இந்தப் பெட்டியில் பிழை கண்டுபிடிக்கும்.

இது எப்படி வருகிறது என்பதும் தெரிந்ததுதான். 150 பார் என்பது ஒரு கணம் எட்டும் உச்ச அழுத்தம். 7 லீற்றர் என்பது தடையின்றி நீர் ஓடும்போது வரும் அளவு. இரண்டும் ஒரே நேரத்தில் ஒருபோதும் கிடைக்காது. மோட்டாரிலும் பம்பியிலும் ஏற்படும் இழப்புகளைக் கழித்து, நூற்றுக்கு எழுபது பங்கு வலுவாவது நீருக்குக் கிடைக்கிறது என்று தாராளமாக வைத்தாலும் 1050 வட்ஸ்தான். அந்த வலுவில் 7 லீற்றர் ஓட வேண்டுமானால் அழுத்தம் 90 பாருக்கு மேல் போகாது. வேலை செய்யும்போது தரும் இந்த அழுத்தத்தையே பெட்டியில் பெரிதாக அச்சிட வேண்டும். 90 பார் எங்கள் முற்றத்துக்குப் போதுமானதாகவே இருந்திருக்கும். கல்லிலிருந்து பாசியைப் பெயர்ப்பது அழுத்தம் என்றால், பெயர்ந்த சேற்றை வாசல் வரை தள்ளிச் செல்வது நீரின் அளவு. வீட்டு முற்றம் கழுவ இயந்திரம் தேடுபவர் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க விடாமல் ஒரே ஒரு பெரிய எண்ணை முன்னால் நிறுத்தி விற்கிறீர்கள்.

பெட்டிக்குள் இருந்த கைநூலில் தமிழ் ஒரு வரிகூட இல்லை. ஆங்கிலப் பகுதியை உட்கார்ந்து வாசித்தேன். திறந்த நீர்நிலையிலிருந்து இழுப்பதானால் அரை மீற்றர் உயரத்துக்கு மேல் முடியாது என்றும், அதற்கென்று தனியான உறிஞ்சு குழாயும் வடிகட்டியும் வேண்டும் என்றும் உள்ளே எழுதியிருக்கிறது. அவை இரண்டும் பெட்டியில் இல்லை. மாரியில் நிரம்பி நிற்கும் கிணற்றிலேயே, கட்டைத் தாண்டி நீரை எடுக்க அரை மீற்றர் போதாது. ஆடி ஆவணியில் நீர் இறங்கிய பிறகு பேச்சே இல்லை. எப்படியும் எடுக்கலாம் என்ற சொல்லை நம்பி யாராவது கிணற்றுக்குள் குழாயை விட்டால் பம்பி காற்றை இழுத்துச் சூடாகிக் கெட்டுவிடும். பதினைந்து நிமிடம் ஓட்டினால் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. காபன் பிரஷ் உரசி ஓடும், விரைவில் சூடாகும் சிறிய மோட்டாருக்கு அது இயல்பு. ஆனால் முற்றம் முழுவதையும் ஒரே நாளில் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கேட்டவளுக்கு அதை விற்குமுன் சொல்லியிருக்க வேண்டும். உவர் நீரைப் பற்றி அந்தக் கைநூலில் ஒரு சொல்லும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதாத நிபந்தனையை மீறினேன் என்று என்மீது எப்படிக் குற்றம் சாட்டுகிறீர்கள்?

என் பணத்தைவிட அவசரமான ஒரு விடயம் இருக்கிறது. உங்கள் கிளையில் வைத்திருக்கும் விளம்பரத் தாளில் ஒருவர் ஏணியில் நின்று கூரைச் சீற்றைப் பிரஷர் வோஷரால் கழுவும் படம் உள்ளது. எங்கள் பகுதியில் பெரும்பாலான பழைய சீற்றுகள் அஸ்பெஸ்டஸ். அதன்மீது உயர் அழுத்த நீரை அடித்தால் சீமெந்து மேற்பரப்பு உரிந்து, உள்ளிருக்கும் நார்கள் வெளிவரும். ஈரமாக இருக்கும்போது சேறாக வளவில் விழுந்து, காய்ந்தபின் தூசியாகிக் காற்றில் எழும். அந்த நாரைச் சுவாசிப்பதால் நுரையீரல் நோய்களும் புற்றுநோயும் வருகின்றன. பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். அஸ்பெஸ்டஸ் கூரையில் பிரஷர் வோஷரைப் பாவிக்கவே கூடாது. அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை பேர் ஏணி வைத்து ஏறினார்களோ என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. நனைந்த சீற்றில் ஏணி சாத்தி, பின்னுக்குத் தள்ளும் குழலைக் கையில் பிடித்து நிற்பது தனியே ஓர் ஆபத்து. என் முறைப்பாட்டுக்கு எப்போது பதில் எழுதினாலும், அந்தத் தாளை இக்கடிதம் கிடைத்த அன்றே அகற்றுங்கள்.

குழலின் நுனியில் மாட்டும் நொசில்களைப் பற்றியும் ஒருவரும் சொல்லவில்லை. நீர் விரியும் கோணத்தைப் பாகையில் குறிப்பார்கள். பூச்சியப் பாகை நொசில் ஊசி போல் அடிக்கும். தோலைத் துளைத்து நீரை உள்ளே செலுத்திவிடும், இன்டர்லொக் கல்லின் இடுக்கு மணலையும் தோண்டி எறிந்துவிடும். முற்றத்துக்கு 25 பாகையும் வாகனத்துக்கு 40 பாகையும் ஏற்றவை என்று ஒரு தாளில் தமிழில் அச்சிட்டு வைக்க என்ன பெரிய செலவு? வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாகப் பாவிக்கும் பொருளுக்கு, மின் கசிந்தால் உடனே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யும் இணைப்பிலேயே பொருத்துங்கள் என்ற எச்சரிக்கையாவது எங்கள் மொழியில் வேண்டாமா?

நான் கேட்பவை இவை. நான் வாங்கிய இயந்திரத்துக்குப் பதிலாக, அன்று நான் கேட்டு நீங்கள் வேண்டாம் என்ற பித்தளைப் பம்பி இயந்திரத்தைத் தாருங்கள். விலை வித்தியாசத்தைச் செலுத்த நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் அதன் உத்தரவாத அட்டையில், உவர்ப்புள்ள கிணற்று நீருக்கும் செல்லுபடியாகும் என்று கிளை முகாமையாளர் கையொப்பமிட்டு எழுத வேண்டும். அப்படி எழுத முடியாவிட்டால் அந்த இயந்திரமும் எனக்கு வேண்டாம். 38,500 ரூபாவை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். இயந்திரத்தைக் கொழும்புக்கு அனுப்பித் திரும்ப எடுத்த போக்குவரத்துக் கட்டணத்தை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதை நான் செலுத்த மாட்டேன். இந்த மாவட்டத்தில் விற்பவர்கள் இந்த மாவட்டத்திலேயே திருத்த ஏற்பாடு செய்ய வேண்டும். முந்நூறு கிலோமீற்றர் தூரத்தில் சேவை நிலையம் இருப்பது வாங்கியவரின் குற்றமல்ல.

இனி வாங்க வருபவர்களிடம், உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் என்பதை முதல் கேள்வியாக உங்கள் விற்பனையாளர்கள் கேட்க வேண்டும். அதற்குரிய பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு வாரங்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். கிடைக்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்கீழ் அந்த அதிகார சபையிடம் முறையிடுவேன். பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வர்த்தக நடத்தையை அச்சட்டம் தடை செய்கிறது. பெட்டியில் அச்சிட்ட எண்களையும் விளம்பரத் தாளின் படத்தையும் அந்த முறைப்பாட்டுடன் இணைப்பேன்.

பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, சேவை நிலையத்தின் தாள், பெட்டியின் படம் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் அனுப்புகிறேன். இயந்திரம் இன்னும் உங்கள் மட்டக்களப்புக் கிளையில்தான் இருக்கிறது. குழாயும் துப்பாக்கிப் பிடியும் நொசில்களும் என்னிடம் உள்ளன. மாற்றீடோ பணமோ தரும் நாளில் அவற்றை ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
கல்லடி வாடிக்கையாளர்
பெயரும் தொலைபேசி இலக்கமும் பற்றுச்சீட்டில் உள்ளன