தாய் கிளாஸைக் கேட்டால் எத்தனை குவெரி போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வரும் பைத்தான் தொடரை நாங்கள் விடாமல் படிக்கிறோம். தரவுத்தள மாதிரிகளில் மரபுரிமத்தைப் (தாய் கிளாஸின் புலங்களைச் சேய் கிளாஸ் பெறுவதைப்) பற்றிய அண்மைப் பகுதியில், தாய் கிளாஸைக் கேட்டாலே சேய் கிளாஸ்களும் சேர்ந்து வந்துவிடும் என்ற பொருளில் எழுதியிருந்தது. பைத்தான் ஆப்ஜெக்ட்களைத் தரவுத்தள டேபிள்களோடு இணைக்கும் ஓஆர்எம் நூலகங்களில், எஸ்கியூஎல்ஆல்கெமிக்கு அது பாதி உண்மை. ஜாங்கோவுக்குப் பொருந்தவே பொருந்தாது. பிளஸ் 2 கணினி அறிவியலிலேயே பைத்தானிலிருந்து எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கு செலக்ட் (தரவைக் கேட்கும் கட்டளை) அனுப்பப் பழகிய மாணவர்கள் இந்தத் தொடரைப் படிக்கிறார்கள். பின்னால் போகும் தரவுத்தளக் கட்டளைகளான எஸ்கியூஎல்லை அவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

ஒரு பள்ளியின் கட்டண வசூலை எடுத்துக்கொள்வோம். ‘கட்டணம்’ தாய் கிளாஸ். அதில் ரசீது எண், தேதி, தொகை, வகை ஆகிய புலங்கள். ‘காசோலை’ என்ற சேய் கிளாஸில் 6 இலக்கக் காசோலை எண்ணும் வங்கியும். ‘யுபிஐ’யில் 12 இலக்கக் குறிப்பு எண். ‘ரொக்கம்’ கிளாஸுக்குக் கூடுதல் புலம் எதுவும் இல்லை. அதற்குத் தனி டேபிளும் தேவையில்லை. டேபிள்களை இணைத்துப் படிக்கும் ஜாயின் வகை மரபுரிமத்தில் காசோலைக்கும் யுபிஐக்கும் தனித்தனி டேபிள் இருக்கும். சேய் டேபிளின் முதன்மைக் கீ (வரிசையை அடையாளம் காட்டும் புலம்) எதுவோ அதுவே தாய் டேபிளைச் சுட்டும் அயல் கீ.

ஒரு பக்கத்தில் 200 ரசீதுகளைக் காட்டுகிறோம்: 120 யுபிஐ, 50 காசோலை, 30 ரொக்கம். எஸ்கியூஎல்ஆல்கெமியில் ‘கட்டணம்’ கிளாஸின் மேல் சாதாரண செலக்ட் போட்டால் தாய் டேபிளுக்கு மட்டும் ஒரே குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) போகும். வகைப் புலத்தைப் பார்த்து ஒவ்வொரு வரிசையையும் சரியான கிளாஸின் ஆப்ஜெக்டாகவே அது தந்துவிடும். இதுவரை சரி. ஆனால் அந்த ஆப்ஜெக்ட்களில் காசோலை எண்ணும் யுபிஐ குறிப்பு எண்ணும் இன்னும் ஏறியிருக்காது. டெம்ப்ளேட் அவற்றைத் தொட்ட கணத்தில், ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனியாக ஒரு செலக்ட் ஓடும். 1 குவெரி என்று நினைத்த இடத்தில் 171 (தாய்க்கு 1, யுபிஐக்கு 120, காசோலைக்கு 50). ஒவ்வொன்றும் போய்வர 2 மில்லிவினாடி என்று வைத்தாலும் மூன்றில் ஒரு வினாடி இதிலேயே போய்விடும். சோதனைத் தரவில் நான்கைந்து ரசீதுதான் இருக்கும் என்பதால், தளம் நேரலைக்குப் போகும்வரை யார் கண்ணிலும் இது படுவதில்லை.

செஷனை (தரவுத்தளத் தொடர்பை வைத்திருக்கும் ஆப்ஜெக்டை) மூடிய பிறகு அந்தப் புலத்தைத் தொட்டால் நிலைமை வேறு: ‘டிட்டாச்டு இன்ஸ்டன்ஸ்’ பிழை எழும். அசிங்க் செஷனில் என்றால், அது திறந்திருக்கும்போதே ‘மிஸ்ஸிங் கிரீன்லெட்’. பிழைச் செய்தியில் மரபுரிமம் என்ற பேச்சே இருக்காது. அதனால் பலர் நூலக அமைப்பில் கோளாறு தேடி அலைகிறார்கள். காரணம் மேலே சொன்ன ஏறாத புலம்தான்.

தீர்வு இரண்டு. ‘வித் பாலிமார்ஃபிக்’ ஃபங்ஷனுக்குத் தாய் கிளாஸையும் வேண்டிய சேய் கிளாஸ்களின் பட்டியலையும் கொடுத்தால், இரண்டு லெஃப்ட் அவுட்டர் ஜாயினோடு (சேய் இல்லாத தாய் வரிசையையும் விடாத இணைப்போடு) எல்லாம் ஒரே குவெரியில் வரும். இரு பக்கமும் முதன்மைக் கீயில் இணைவதால் வரிசை பெருகாது. லிமிட் போட்டுப் பக்கம் பிரித்தாலும் கணக்கு தவறாது. இரண்டாவது, ‘செலக்ட்இன் பாலிமார்ஃபிக்’ என்ற லோடர் ஆப்ஷன். தாய் டேபிளுக்கு ஒன்று, பிறகு வந்திருக்கும் கீகளை ‘இன்’ என்ற எஸ்கியூஎல் பட்டியலில் வைத்து ஒவ்வொரு சேய்க்கும் ஒன்று என, நம் கணக்கில் 3 குவெரி. சேய் கிளாஸ் இரண்டு மூன்று என்றால் முதல் வழி போதும். எட்டு, பத்து என்று வளர்ந்தால் அத்தனை லெஃப்ட் ஜாயினும் சேர்ந்து, பெரும்பாலும் ‘நல்’ (மதிப்பு இல்லை என்ற குறி) மதிப்புகளையே சுமந்து வரும் அகலமான வரிசைகளாகிவிடும். அங்கே இரண்டாவது வழிதான் எங்கள் தேர்வு. எப்போதும் வேண்டும் என்றால் சேய் மேப்பரிலேயே (கிளாஸை டேபிளோடு பொருத்தும் இடத்திலேயே) ‘பாலிமார்ஃபிக் லோடு’ என்ற அமைப்பை ‘இன்லைன்’ அல்லது ‘செலக்ட்இன்’ என்று எழுதிவைக்கலாம். பழைய குவெரி ஆப்ஜெக்டின் மேல் அழைக்கும் வித் பாலிமார்ஃபிக் மெதடு 1.4 பதிப்பிலேயே கைவிடப்படும் என அறிவிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் வந்த 2.0-க்குப் பிறகு எழுதும் பாடத்தில் தனி ஃபங்ஷனாக இருப்பதையே காட்ட வேண்டும்.

தொடரில் சொல்லாமல் விட்டவற்றுள் மிக ஆபத்தானது வடிகட்டும் இடம். ‘கட்டணம்’ மேல் செலக்ட் போட்டு, ‘வேர்’ எனும் நிபந்தனைப் பகுதியில் ‘காசோலை’ கிளாஸின் வங்கிப் புலத்தை ஒரு வங்கிக்குச் சமன் செய்து எழுதுவது பார்க்க இயல்பாக இருக்கும். ஆனால் இரு டேபிள்களையும் இணைக்கும் நிபந்தனை அதில் இல்லை. அந்த வங்கியின் காசோலைகள் 12 இருந்தால், 200 கட்டணங்களும் 12 முறை பெருக்கப்பட்டு 2,400 வரிசை வரும். பழைய குவெரி பாணியில் இது இன்னும் மோசம்: ஒரே ஆப்ஜெக்ட் திரும்பத் திரும்ப வந்தால் அது தானாகவே நீக்கிவிடுவதால், கடைசியில் 200 கட்டணங்களும் அப்படியே கையில் நிற்கும், வடிகட்டவே இல்லை என்பது தெரியாது. 1.4 முதல், இப்படி எல்லாம் எல்லாவற்றோடும் இணையும் கார்ட்டீசியன் பெருக்கம் பற்றிய எச்சரிக்கை பதிவேட்டில் விழுகிறது. அதைப் படிக்காமல் அடக்கிவைப்பது பெரும் தவறு. சரியான முறை, வித் பாலிமார்ஃபிக் திருப்பித் தரும் மாற்றுப்பெயரை ஒரு மாறியில் வைத்து, செலக்ட்டிலும் அதையே போட்டு, வேர் பகுதியிலும் அந்த மாறியின் வழியாகவே ‘காசோலை’யை எட்டுவது. மூல கிளாஸின் பெயர் இடையில் நுழைந்தால் மறுபடி பெருக்கம் நேரலாம். காசோலைகள் மட்டுமே வேண்டும் என்றால் இவ்வளவும் வேண்டாம். ‘காசோலை’ கிளாஸையே நேராக செலக்ட் செய்தால் உள் ஜாயின் தானாக விழும். மாணவர் கிளாஸிலிருந்து கட்டணங்களுக்குப் போகும் உறவில், ஜாயினுக்குள் ‘ஆஃப் டைப்’ சேர்த்து ‘காசோலை’ என்று குறிப்பிட வேண்டும்.

ஜாங்கோவில் கதையே வேறு. பல டேபிள் மரபுரிமத்தில் ‘கட்டணம்’ மேல் எல்லாவற்றையும் கேட்டால் ‘கட்டணம்’ ஆப்ஜெக்ட்கள் மட்டுமே வரும். சேய் கிளாஸாக ஒன்றுகூட மாறாது. சேய்க்குப் போக ஒன்றுக்கொன்று உறவின் பெயரைத் தொட வேண்டும். அந்தச் சேய் இல்லாத வரிசையில் ‘டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ பிழை. அதைத் தவிர்க்க, புலம் உண்டா என்று பார்க்கும் ஹேஸ்ஆட்டர் வைத்துச் சோதித்தால் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குவெரி. ‘செலக்ட் ரிலேட்டட்’டில் இரண்டு சேய் உறவுகளின் பெயரையும் கொடுத்துவிட்டால் ஒரே குவெரியில் முடியும், இல்லாத சேயும் இல்லை என்றே நினைவில் வைக்கப்படுவதால் ஹேஸ்ஆட்டர் மறுபடி தரவுத்தளத்தைத் தொடாது. பலவற்றை ஒரே வீச்சில் சேர்க்கும் ‘பல்க் கிரியேட்’ சேய் மாதிரிகளுக்கு வேலை செய்யாது. வேல்யூ எரர் வரும். தாய் டேபிளையே பயன்படுத்தும் பிராக்ஸி மாதிரி தானாக எதையும் வடிகட்டாது, அதற்கு மேனேஜரில் (குவெரி தொடங்கும் இடத்தில்) ஃபில்டர் எழுத வேண்டும். புலங்களைப் பகிர மட்டுமே உள்ள ஆப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கு டேபிளே கிடையாது.

ஒரே கேள்விக்கு இரு நூலகங்களும் வேறு விடை தரும் இடம் ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஒரு வங்கியின் காசோலையைத் தவிர மற்ற கட்டணங்கள் வேண்டும். ஜாங்கோவில் எக்ஸ்க்ளூட் எழுதினால் யுபிஐயும் ரொக்கமும் சேர்ந்தே வரும்; அவற்றின் வங்கி நல் என்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எஸ்கியூஎல்ஆல்கெமியில் சமமில்லை என்ற குறியைப் போட்டால் அது அப்படியே எஸ்கியூஎல்லுக்குப் போகும். நல்லோடு ஒப்பிட்டால் விடை உண்மையாகாது. 150 யுபிஐ, ரொக்க வரிசைகளும் சத்தமில்லாமல் விழுந்துவிடும். வங்கி நல் ஆக இருந்தாலும் சேர்த்துக்கொள் என்று ‘ஆர்’ (அல்லது) நிபந்தனையை நாம்தான் எழுத வேண்டும். வசூல் கணக்கில் இதைத் தவறவிட்டால் மொத்தத் தொகையே பொய்யாகிவிடும்.

எல்லா வகைகளையும் ஒரே டேபிளில் வைக்கும் ஒற்றை டேபிள் முறையில் இந்த ஜாயின் தொல்லைகள் இல்லை. ‘யுபிஐ’யைக் கேட்டால் வகைப் புலத்தின் மேல் ஒரு இன் நிபந்தனை மட்டும் சேரும். பதிலுக்குச் சேய் புலங்கள் எல்லாம் நல் ஏற்பவையாக இருந்தாக வேண்டும். வகை காசோலையாக இருந்தால் எண் நல் ஆகக் கூடாது என்ற ‘செக்’ (சரிபார்ப்பு) கட்டுப்பாட்டை டேபிளில் எழுதிவைப்பது அவசியம். ஓஆர்எம் அதைத் தானாகச் செய்யாது. வகைப் புலத்துக்குள் வேறொரு செயலி பெரிய எழுத்தில் மதிப்பை எழுதிவிட்டால் இரண்டு விதமாக அடிபடும். பெரிய, சிறிய எழுத்தை வேறாகப் பார்க்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேய் கிளாஸைக் கேட்டால் அந்த வரிசை காணாமல் போகும். தாய் கிளாஸைக் கேட்டால் அப்படியொரு பாலிமார்ஃபிக் ஐடென்டிட்டி (வகைப் பெயர்) இல்லை என்று குவெரியே முறியும். இதே பிழை, சேய் கிளாஸ் இருக்கும் மாட்யூலை இம்போர்ட் செய்யாத இரவுநேர ஸ்கிரிப்ட்களிலும் வரும்; வலைத்தளம் ஒழுங்காக ஓடும்போது ஸ்கிரிப்ட் மட்டும் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இம்போர்ட் வரிகளைத்தான்.

எந்த முறையைத் தேர்வது என்பதற்குத் தொடரில் நேர்த்தியை அளவுகோலாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் அளவுகோல் இன்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கும் அட்டவணை. ஒரு வங்கியின் காசோலைகளைத் தேதி வரிசையில் அடிக்கடி கேட்போமானால், வங்கி சேய் டேபிளில், தேதி தாய் டேபிளில். இரண்டு டேபிளைத் தாண்டும் கூட்டு இன்டெக்ஸ் போட முடியாது. அங்கே ஒற்றை டேபிளே மேல். மாறாக, தினசரி மொத்த வசூல்தான் முக்கிய வேலை, சேய் விவரம் எப்போதாவதுதான் என்றால் ஜாயின் முறையில் தாய் டேபிள் ஒல்லியாக இருந்து வேலை வேகமாக முடியும். ஒவ்வொரு சேய்க்கும் முழுத் தனி டேபிள் வைக்கும் கான்கிரீட் முறையில் தாயைக் கேட்டால் எல்லா டேபிள்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் யூனியன் ஆல் விழும். டேபிளுக்கு ஒரு எண் வரிசை ஓடுவதால் 101-ஆம் எண் இரண்டு இடத்தில் இருக்கும், வேறு டேபிளிலிருந்து ‘கட்டணம்’ மேல் அயல் கீயும் வைக்க முடியாது. பாடத்தில் அதை ஒரு வரியில் கடந்துவிடலாம்.

தங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். அடுத்த பகுதிகளில் ஒவ்வொரு நிரல் துணுக்கின் கீழும், அது அனுப்பும் எஸ்கியூஎல்லையும் குவெரிகளின் எண்ணிக்கையையும் அச்சிடுங்கள். எஸ்கியூஎல்ஆல்கெமியில் எஞ்சினை உருவாக்கும்போது எக்கோவை ட்ரூ ஆக்கினால் எல்லாம் திரையில் ஓடும். ஜாங்கோவில் ‘டீபக்’ என்ற அமைப்பு ட்ரூவாக இருக்கும்போது கனெக்‌ஷனின் குவெரீஸ் பட்டியலில் கிடைக்கும். அதன் டெஸ்டில் ‘அசர்ட் நம் குவெரீஸ்’ போட்டுவைத்தால் குவெரிகளின் எண்ணிக்கை எகிறிய அன்றே டெஸ்ட் சிவக்கும். இடம் போதாதென்றால் நிரலைச் சுருக்குங்கள், எஸ்கியூஎல்லைச் சுருக்காதீர்கள்.

இப்படிக்கு,
பைத்தான் பின்தளப் பணியில் உள்ள வாசகர்கள்