எலியா மனிதனா என்று முதல் வரியில் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்து உடல் அசைவிழந்துபோவதுதான் மோட்டார் நியூரான் நோய். அதற்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூல செல்) சிகிச்சை என்று செய்தி வந்தாலே 'இனி எழுந்து நடக்கலாம்' என்கிற தொனியில்தான் தலைப்பு இருக்கிறது. வீட்டில் அந்த நோயாளி இருப்பவர்கள் அதைப் படித்த கையோடு எந்த ஆஸ்பத்திரி என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மனிதர்களிடம் அதிகம் சோதித்துப் பார்த்தது, எலும்பு மஜ்ஜையில் எடுத்த ஸ்டெம் செல்லை வளர்த்துத் தண்டுவடத் திரவத்தில் ஊசியாகப் போடும் முறையைத்தான். அது புது இயக்க நரம்பணுவாக மாறாது. மிச்சமிருக்கும் நரம்பணுக்களைக் காக்கும் புரதங்களைச் சுரக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அந்த வகையில் ரொம்பப் பேசப்பட்ட 'நியூர்ஓன்' (NurOwn) என்ற சிகிச்சையும் மூன்றாம் கட்டச் சோதனையில் இலக்கைத் தொடவில்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு அதைப் பற்றி ஓட்டுப் போட்டபோது 17 பேர் எதிர்த்தார்கள், ஆதரவு ஒரே ஒரு ஓட்டு.

சரி, போன அசைவைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லையா? தண்டுவடத்தில் புது நரம்பணுவை வைத்தாலும் அதன் இழை பாதம் வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வளர வேண்டும், நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், கணக்குப் போட்டால் மூன்று வருஷத்துக்குப் பக்கம் வருகிறது, அதற்குள் தசை வற்றிப்போகும். லண்டனில் லிண்டா கிரீன்ஸ்மித், ஐவோ லீபராம் குழுவினர் இந்தத் தூரத்தையே தவிர்த்துவிட்டார்கள். ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய இயக்க நரம்பணுக்களில், ஒளி பட்டால் தூண்டப்படும் புரதத்துக்கான மரபணுவைச் சேர்த்து, எலியின் கால் நரம்புக்குள்ளேயே வைத்தார்கள். நீல ஒளியைப் பாய்ச்சியதும் தசை சுருங்கியது. 2014இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது. மூளைக்கு இதில் வேலையே இல்லை, உத்தரவு போடுவது வெளியிலிருந்து வரும் ஒளி. அப்புறம் இதே நோயுள்ள எலிகளிலும் செய்து பார்த்தார்கள். வைத்த செல்லை உடல் ஏற்க மறுப்பதைச் சமாளிக்க வேண்டியிருந்தது, தினமும் ஒளியால் பயிற்சி கொடுத்த பிறகுதான் தசைக்கு ஓரளவு பலம் வந்தது.

நடப்பதைவிட, மூச்சுக்கான உதரவிதானத்தை இப்படி இயக்க முடியுமா என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் இந்த நோயில் உயிர் போவது பெரும்பாலும் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோவதால்தான்.

ஆகவே, சோதனை எலியிலா மனிதரிலா, இருப்பதைக் காக்கவா போனதை மீட்கவா என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள். நோயாளியிடம் கட்டணம் வாங்குகிறார்களா என்பதையும் உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்