கட்டுப் போட மறுத்த பெரியவருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

ஆம்பூரில் என்னோடு ஒரே லைனில் ஷூ அப்பர் தைக்கிற அக்காக்களுக்கும் தங்கச்சிகளுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், இந்தச் சில மாதங்களில் நான் கடன்பட்ட அத்தனை பேருக்கும் வணக்கம்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி ஒப்பிக்கவில்லை. முட்டிக்கு மேலே எலும்பில் இருந்த கட்டியை ஆபரேஷனில் எடுத்துச் சோதித்த ரிப்போர்ட் நேற்று வந்துவிட்டது. முதலில் ஊசி விட்டு எடுத்துப் பார்த்தபோது சொன்னதையேதான் இதிலும் சொல்லியிருக்கிறார்கள். கேன்சர் இல்லை. அந்தக் கட்டிக்குப் பெயர் ஜயன்ட் செல் ட்யூமர். நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் லைட்டைக்கூட அணைக்காமல் எல்லோரும் தூங்கிவிட்டோம். அவ்வளவு அசதி. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரை உங்களில் யாருக்கும் தெரியாது. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். இந்த மடலும் அவர் கண்ணில் படப் போவதில்லை, பட்டன் போன் வைத்திருக்கிற மனிதர்.

நம் பக்கத்தில் எலும்பில் ஏதாவது என்றால் முதலில் வாயில் வருவது புத்தூர் கட்டுதான். வேலூரைச் சுற்றி எந்த ரோட்டில் போனாலும் அந்தப் பலகை இருக்கும். என் கொழுந்தனாருக்குக் கை முறிந்தபோது கூடியதும் அப்படி ஒரு கட்டுப் போட்டுத்தான். அதனால் எனக்கு முட்டிக்கு மேலே வீங்கியதும், மாமியார் காட்பாடி தாண்டி சித்தூர் ரோட்டில் கட்டுக் கட்டுகிற ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனார். மெஷின் மிதித்து மிதித்து நரம்பு பிசகியிருக்கும், நீவி ஒரு கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்பது மாமியார் கணக்கு. நம் லைனில் பாதிப் பேர் கணக்கும் அதுதானே.

கூரை போட்ட திண்ணை. ஒரு பக்கம் அட்டையில் முட்டைகள், சீவி வைத்த மூங்கில் பத்தைகள், கிழித்துச் சுருட்டிய வேட்டித் துணி. எனக்கு முன்னால் ஒரு பையனின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். விரலெல்லாம் பச்சிலைச் சாறு. என் முறை வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, எங்கனா வுழுந்தியா?"

"இல்லீங்க தாத்தா."

"இடிச்சிக்கினியா?"

"இல்லீங்க."

"சும்மா படுத்துங்கீறப்பகூட வலிக்குதா?"

ஆமாம் என்றேன். புறங்கையை வீக்கத்தின் மேல் வைத்தார். அப்புறம் நல்ல முட்டியின் மேல். திரும்ப வீக்கத்தின் மேல். கட்டைவிரலால் ஓரத்தில் ஒரே ஒரு தடவை தொட்டார், அழுத்தவே இல்லை. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இது மூட்டுல வந்த வீக்கம் இல்ல. எலும்பே பருத்துக்கீது. வுழாத எலும்பு எதுக்கும்மா பருக்கணும்?"

மாமியார் விடவில்லை. "கொஞ்சம் நீவியாவது விடுங்களேன்" என்றார். பெரியவர் குரல் மாறிவிட்டது. "நீவக் கூடாது. எண்ணெ தேய்க்கக் கூடாது. எவன் கட்டுறேன்னாலும் கால நீட்டக் கூடாது. இன்னிக்கே போய்ப் போட்டோ புடிங்க." எக்ஸ்ரேயைத்தான் அப்படிச் சொன்னார்.

நாங்கள் எழுந்திருக்கும்போது, இருங்க என்று உள்ளே போனார். தடிமனான மூங்கில் ஒன்றைக் கொண்டு வந்து, என்னை நிற்க வைத்து இடுப்பளவு அளந்து வெட்டினார். கணு குத்துமே என்று பிடிக்கிற இடத்தை மட்டும் வழவழப்பாகச் சீவினார். வரிசையில் அத்தனை பேர் காத்திருக்க, அவசரமே இல்லாமல் சீவினார். "அந்தக் கால ஊனாத. இத்த ஊனு." மாமியார் பணத்தை நீட்டினார். "நான் இன்னா வேல செஞ்சேன், வாங்கிக்கிறதுக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவர் செய்தது என்ன வேலை என்று எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டியபோதுதான் புரிந்தது. தொடை எலும்பின் கீழ்முனையில், முட்டி மூட்டை ஒட்டி, கறுப்பாக ஒரு பள்ளம். சுற்றியிருந்த எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிந்து நின்றது. நீவியிருந்தாலோ இழுத்துக் கட்டியிருந்தாலோ அந்த இடத்திலேயே முறிந்திருக்கலாம் என்றார் டாக்டர். காலை ஊன்ற வேண்டாம் என்று யார் சொன்னது என்று கேட்டார். சொன்னோம். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார், "நல்ல மனுஷன்" என்றார்.

கட்டுப் போடுவதுதான் அந்தப் பெரியவருக்குப் பிழைப்பு. ஒரு கட்டுப் போட்டு அனுப்பியிருந்தால் நாங்கள் கும்பிட்டுக் காசு கொடுத்துவிட்டு வந்திருப்போம். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். தன் கைக்கு எது அடங்கும், எது அடங்காது என்று தெரிந்து, அதை நாலு பேர் முன்னால் சொல்லவும் செய்தார். பெரிய படிப்புப் படித்தவர்களில்கூட இப்படிச் சொல்கிறவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். என் அனுபவம் அவ்வளவுதான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. இந்தக் கட்டி பெரும்பாலும் 20-லிருந்து 40 வயதுக்குள் வருமாம், பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாம். முட்டியைச் சுற்றித்தான் அதிகம், மணிக்கட்டிலும் வரும். மெஷினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அதைக் கேட்டுக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன், நீங்கள் பயப்பட வேண்டாம். எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, ஆனாலும் பெயர் சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், நெஞ்சுக்கு ஒரு படம் எடுத்தார்கள். ரத்தத்தில் கால்சியம்கூடப் பார்த்தார்கள், ஏனென்றால் கழுத்தில் இருக்கிற பாராதைராய்டு சுரப்பி கெட்டாலும் எலும்பில் இதே மாதிரி பள்ளம் விழுமாம். பயாப்ஸி எடுக்கிற ஊசியை எங்கே குத்துவது என்பதைக்கூட ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டரே குறித்துக் கொடுத்தார். பின்னால் கீறப் போகிற கோட்டிலேயே அந்தத் துளையும் இருக்க வேண்டுமாம். வேறு இடத்தில் குத்தினால், ஒருவேளை கெட்ட கட்டியாக இருந்தால், அந்த வழியில் பரவவும் இடமுண்டு, ஆபரேஷனும் பெரிதாகிவிடும்.

பயாப்ஸி ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆபரேஷனில் எலும்பில் ஜன்னல் மாதிரி திறந்து, கட்டியைச் சுரண்டி எடுத்து, சுவரையும் சின்ன மெஷினால் குடைந்து சுத்தம் செய்து, பள்ளத்தை எலும்பு சிமென்ட் போட்டு அடைத்திருக்கிறார்கள். பொடியையும் திரவத்தையும் கலந்து வைப்பார்களாம், இறுகும்போது அதுவே சூடாகும், மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கிற செல்களை அந்தச் சூடு கொல்லும். படத்தில் சிமென்ட் வெள்ளையாகத் தெரிவதால், கட்டி திரும்ப வந்தாலும் ஓரத்தில் கறுப்பாகக் காட்டிக் கொடுத்துவிடும். ஆமாம், திரும்ப வரக்கூடிய கட்டிதான் இது. முதல் இரண்டு மூன்று வருஷம் ரொம்பக் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அபூர்வமாக நுரையீரலுக்கும் போகும் என்பதால் நெஞ்சுப் படமும் அவ்வப்போது எடுக்க வேண்டும். கேன்சர் இல்லை என்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே திட்டினார்.

அங்கே காத்திருந்தபோது எத்தனை பேர்! ஆரணியிலிருந்து ஒரு பையன், கிரிக்கெட் பந்தை வீசியதில் தோளுக்குக் கீழே கை முறிந்துவிட்டது. பந்து வீசினால் கை முறியுமா? படம் எடுத்தால் எலும்புக்குள் நீர்க்கட்டி. சின்ன வயதில் வருவதுதான், முறிவு கூடிய பிறகு நீரை எடுத்துவிட்டு மருந்து செலுத்திப் பார்க்கலாம் என்று அவன் அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். குடியாத்தத்துப் பெண் குழந்தை ஒன்றுக்கு முட்டிக்குப் பக்கத்தில் கல் மாதிரி ஒரு புடைப்பு. ஆஸ்டியோகாண்ட்ரோமா, கேன்சர் இல்லாத எலும்புக் கட்டிகளிலேயே சாதாரணமான வகை. குழந்தை வளர்கிற வரைக்கும்தான் அதுவும் வளரும், தொந்தரவு இல்லை என்றால் கத்தியே வேண்டாம். பெரியவளான பிறகும் வளர்ந்தால் உடனே வர வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

கொல்கத்தாப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றிக் கடைப் பலகையெல்லாம் வங்காளத்திலும் இருக்கிறதே, அவர்களுக்காகத்தான். ஆம்பூரில் பழகிய உருது எனக்கு அங்கே கைகொடுத்தது. அவர்கள் மகனுக்கு ராத்திரியானால் காலில் வலி, வலி மாத்திரை போட்டால் அப்படியே அடங்கிவிடும். வளர்கிற வலி என்றே ரொம்ப நாள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். சி.டி. ஸ்கேனில்தான் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு புள்ளி அகப்பட்டது. ஊசி வழியாகச் சூடு வைத்தே அதைத் தீர்த்துவிடலாமாம். அந்த அம்மா எனக்கு உரித்துக் கொடுத்த ஆரஞ்சுக்கும் நன்றி.

பிசியோதெரபியில் முதல் நாள் நான் அழுதபோது அந்த மேடம் மேரி வர்கீஸ் கதையைச் சொன்னார். இதே சி.எம்.சி. டாக்டர். 1954-ல் நடந்த வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அப்புறம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தாராம். கேட்டதும் அழுகை நின்றதா என்றால் இல்லை. ஆனால் வாக்கரைப் பிடித்துக்கொண்டேன்.

சரி, இப்போது மற்றவர்கள். என் லைன் வேலையைப் பங்கு போட்டுச் செய்த அக்காக்கள், கேட்காமலே லீவைச் சரிக்கட்டிய சூப்பர்வைசர் அண்ணன், ரத்தம் கொடுக்க பைக்கில் வந்த தெருப் பையன்கள், காப்பீட்டு அட்டைக் காகிதங்களோடு அலைந்த என் தம்பி, பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய் வந்த எதிர்வீட்டு பாயம்மா, ராத்திரி டியூட்டி சிஸ்டர்கள், காட்பாடி ஸ்டேஷன் ஆட்டோ அண்ணன், அத்தனை பேருக்கும் நன்றி. மாமியாருக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் கூட்டிப் போகாவிட்டால் அந்தப் பெரியவரை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

இனி நான் செய்யப் போவது ஒன்று உண்டு. நம் லைனில் யாருக்காவது விழாமல் இடிக்காமல் எலும்பில் வலி வந்து, படுத்தாலும் விடாமல் இருந்தால், வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால், என்னிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என்றாலும் சரி. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் நீவுவதற்கு முன்னால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம். கூட வர ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், வாக்கரோடு வந்தாலும் வருவேன்.

வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். ஹார்லிக்ஸ் மட்டும் வேண்டாம், அலமாரியில் இடமில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்தால் நல்லது, அதற்கு முன்னால் கால் மடக்கி நீட்டுகிற பயிற்சி, அப்போது நான் போடுகிற சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டாம்.