ஏற்காட்டு நண்பனுக்கு: மெயில் ஏன் ஒரு மணி இருபது நிமிஷம் நின்றது

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பா,

மேலே பனி எப்படி இருக்கிறது? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

வியாபாரிக்கு நீ அனுப்பிய மெயில் ஏன் இவ்வளவு தாமதமாகப் போனது என்று கேட்டாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டேட் ஆபீஸ் லைனைத் திட்டாதே. உன் மெயில் சர்வரில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளின் லாக்கில் (நடந்ததைப் பதியும் குறிப்பு), நீ எனக்கு அனுப்பியதில், டிலேஸ் என்ற இடத்தில் சாய்கோடு போட்டு நான்கு எண்கள் இருக்கின்றன: 4812, 0.1, 3, 2. எல்லாம் விநாடிக் கணக்கு. முதல் எண், மெயில் உள்ளே வந்ததிலிருந்து கடைசியாக ஆக்டிவ் க்யூவுக்குள் (இப்போதே அனுப்ப எடுத்த வரிசை) போகும் வரை. அதற்குப் பிறகு உள்ளே காத்திருந்தது இரண்டாவது. டிஎன்எஸ் (சர்வர்களின் முகவரிப் புத்தகம்) பார்த்து எதிர் சர்வரோடு இணைய ஆனது மூன்றாவது. மெயிலைக் கொடுத்து முடித்தது நான்காவது. லைன் மோசமென்றால் கடைசி இரண்டும் வீங்கியிருக்கும். உனக்கு வீங்கியது முதல் எண். அதாவது மெயில் டெஃபர்ட் க்யூவில் (பிறகு அனுப்பலாம் என்று ஒதுக்கிய வரிசை) கிடந்திருக்கிறது.

ஏன் கிடந்தது? அதே க்யூ ஐடியை (வரிசையில் அந்த மெயிலின் அடையாளம்) லாக்கில் தேடு. முந்தைய வரிகளில் எதிர் சர்வரின் பதில், பெரும்பாலும் 450 அல்லது 451 என்று இருக்கும், பக்கத்திலேயே காரணமும் இருக்கும். 4-இல் தொடங்கினால் 'பிறகு வா', 5-இல் தொடங்கினால் 'வராதே'. க்ரேலிஸ்டிங் (புதிதாக வருகிறவரை முதலில் திருப்பிவிட்டு, பிறகு வந்தால் ஏற்பது) என்று இருந்தால் கணக்கு நேராகிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் முதல் மறுமுயற்சியை 300 விநாடியில் செய்யும். பிறகு மெயிலின் வயது எவ்வளவோ அவ்வளவு இடைவெளி விடும். ஆக 5, 10, 20, 40, 80ஆவது நிமிஷங்கள். எதிர்ப்பக்கம் ஒரு மணி நேரக் காத்திருப்பு வைத்திருந்தால் 40இல் போனது திரும்பும், 80இல்தான் ஏற்கும். 4812 விநாடி என்பது அந்த 80ஆவது நிமிஷமேதான்!

மேக்ஸிமல் பேக்ஆஃப் டைம் (இரண்டு முயற்சிகளுக்கு நடுவே விடும் அதிகபட்ச இடைவெளி) இப்போது 4000 விநாடி. அதை 1800 ஆக்கி ரீலோட் செய். 40க்குப் பிறகு 70ஆவது நிமிஷத்தில் தட்டும், பத்து நிமிஷம் மிச்சம். இன்னும் குறைக்காதே. பொதுவாக அரை மணி நேரமாவது விடச் சொல்கிறது மெயில் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 5321. அடிக்கடி கதவைத் தட்டுகிறவனை யாருக்கும் பிடிக்காது. இதைவிட நல்ல வழி, வியாபாரியின் சர்வர்க்காரரிடம் சொல்லி உன் ஐபியை விலக்குப் பட்டியலில் சேர்க்க வைப்பது.

போஸ்ட்க்யூ -எஃப் அடித்து மொத்த வரிசையையும் தள்ளுகிறாயாமே, அதை விடு. செத்த முகவரிகளுக்கான மெயில்களும் சேர்ந்து கிளம்பி, புது மெயிலுக்கு வழி அடைக்கும். ஏற்காட்டுக் கொண்டைஊசி வளைவில் பழுதான லாரி நின்ற மாதிரிதான். ஒன்று மட்டும் அவசரமென்றால் போஸ்ட்க்யூ -ஐ போட்டு அந்த ஐடியைக் கொடு, போதும்.

இன்னொன்று. டிலே வார்னிங் டைம் (எவ்வளவு தாமதமானால் எச்சரிக்க வேண்டும் என்பது) தானாக 0 என்றுதான் இருக்கும், தாமதமானால் அனுப்பியவருக்கு மூச்சே விடாது. தப்பாக அடித்து, பதிலே சொல்லாத டொமைனுக்குப் போனது 5 நாள் வரிசையில் கிடந்துவிட்டுத்தான் திரும்பும். அந்த டிலே வார்னிங் டைமை 1 மணி என்று வை. உன் கணக்குப்பிள்ளை மத்தியானமே போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்.

அந்த 450 வரியை அப்படியே அனுப்பு. கீழே இறங்கும்போது கொஞ்சம் மிளகும் கொண்டு வா.

அன்புடன்,
உன் நண்பன்