ஆசிரியருக்குக் கடிதம்: பத்தாவது நாள் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக்கு முதல்முறையாக வேலைக்குப் போகும் பிள்ளைகளின் மாதச் செலவு பற்றிச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அறை வாடகைக்கு ஒரு பத்தி, சாப்பாட்டுக்கு ஒரு பத்தி, செல்போன் ரீசார்ஜுக்குக்கூட நாலு வரி. ரயிலுக்கு வந்ததும் "போக்குவரத்துச் செலவு தனி" என்று முடித்துவிட்டீர்கள். அந்தத் தனிக் கணக்கை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நான் பாம்பனில் ஒரு கருவாட்டு மண்டியில் 18 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். என் மகள் எழும்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, தாம்பரத்தில் பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். சேர்ந்த மூன்றாம் மாதக் கடைசியில் போன் செய்து, "காசு எங்கதான் போகுதுன்னே தெரியலைம்மா" என்றாள். செலவை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு என்றேன். அனுப்பினாள். டீ, சோப்பு, பூ, தோழி கல்யாணத்துக்கு மொய் என்று போகிற பட்டியலில் வேலை நாள் ஒன்றுகூட விடாமல் "ரயில் 20, ரயில் 20" என்று ஒரு வரி வந்துகொண்டே இருந்தது. திருக்கைக் கருவாட்டுச் சிட்டை ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி அங்கேயே கூட்டிப் பார்த்தேன்.

தாம்பரத்திலிருந்து எழும்பூருக்குப் புறநகர் ரயிலில் ஒரு நடைக்கு 10 ரூபாய். போக வர 20. சனிக்கிழமையும் வேலை என்பதால் மாதம் 25 நாள். ஆக 500 ரூபாய். அதே தூரத்துக்கு இரண்டாம் வகுப்பு மாதச் சீசன், அதாவது ஒரு தடவை காசு கட்டி மாதம் முழுக்கப் போய்வருகிற டிக்கெட், 185 ரூபாய். மாதம் 315 ரூபாயை மூன்று மாதமாகக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஏன் சீசன் எடுக்கவில்லை என்று கேட்டால், "அது காலேஜ் பிள்ளைங்களுக்கு இல்லையாம்மா?" என்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் சீசன் என்றால் மீன் சீசன், இல்லாவிட்டால் ஐயப்பன் சீசன்.

இதைப் படித்ததும் எல்லாரும் சீசன் எடுங்கள் என்று அடுத்த இதழில் போட்டுவிடாதீர்கள். அதுவும் தப்பு. மகளின் அறைத் தோழிக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் அலுவலகம், மற்ற நாள் அறையிலிருந்தே வேலை. அவளும் எழும்பூர்தான். மாதம் எட்டு நாள், 160 ரூபாய். நான் சொல்லி என் மகள் சீசன் எடுத்ததைப் பார்த்து அவளும் எடுத்தாள். 25 ரூபாய் நஷ்டம். ஒன்பது நாள் போனால் 180, பத்து நாள் போனால் 200. பத்தாவது நாள் ரயில் ஏறுகிறவளுக்குத்தான் சீசன். மண்டியில் லோடு வண்டியை மாத வாடகைக்குப் பேசுவதா, நடைக்கு இவ்வளவு என்று பேசுவதா என்பதும் இதே கணக்குதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாளில் மாத வாடகை வண்டியை வாசலில் நிறுத்திவைத்திருக்கும் முதலாளியை நான் பார்த்ததில்லை. ஆனால் அதே முதலாளியின் மகன் சென்னையில் தீபாவளிக்கு நாலு நாள் முன்பு சீசனைப் புதுப்பித்துவிட்டு, ஊருக்கு வந்து பத்து நாள் உட்கார்ந்திருந்தான்.

மூன்று மாதச் சீசன், ஆறு மாதம், ஒரு வருஷம் என்றும் உண்டு. மூன்று மாதத்துக்கு மாதச் சீசனைப் போல 2.7 மடங்கு வாங்குகிறார்கள். ஆறு மாதத்துக்கு 5.4, வருஷத்துக்கு 10.8. தாம்பரம் கணக்கில் மூன்று மாதத்துக்கு 50, 55 ரூபாய் மிச்சமாகும். வேலை நிரந்தரமாகாத பிள்ளை, விடுதி மாறலாமா என்று யோசிக்கிற பிள்ளை இந்த 50 ரூபாய்க்காக மூன்று மாதத்தைக் கட்டிப்போட வேண்டாம் என்பது என் எண்ணம். மூன்று நாலு வருஷம் ஒரே இடத்தில் இருக்கிறவர் வருஷச் சீசனே எடுக்கலாம்.

அப்புறம், விடுதி. இதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். புறநகர் ரயிலில் கட்டணம் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் ஏறுவதில்லை, படிபடியாகத்தான் ஏறுகிறது. 20 கிலோமீட்டர் வரை 5 ரூபாய், அதற்குமேல் 45 வரை 10 ரூபாய், அதைத் தாண்டினால் 15. எழும்பூரிலிருந்து தாம்பரம் 25 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று போனாலும் அதே 10 ரூபாய்ப் படிதான், அதே சீசன்தான். அங்கே போனால் ரயில் செலவு கூடும் என்ற பயத்திலேயே மகள் தாம்பரத்தில் அதிக வாடகை கொடுத்துக்கொண்டிருந்தாள். படியின் முதல் ஓரத்தில் நின்றுகொண்டு அடுத்த ஓரத்துக்குப் பயந்திருக்கிறாள். காலையில் கால் மணி நேரம் முன்னால் எழுந்திருக்க வேண்டும், சரி, அது வேறு கணக்கு.

சீசன் எடுத்த பிறகும் ஒரு அடி விழுந்தது. பொங்கல் முடிந்து இங்கிருந்து இரவு எக்ஸ்பிரஸில் அனுப்பி வைத்தேன். முன்பதிவு தாம்பரம் வரைதான். விடிகாலையில் வண்டி தாம்பரத்தில் நின்றபோது, இந்த வண்டிதான் எழும்பூர் போகிறதே, கையில் சீசனும் இருக்கிறதே, அப்படியே போய் இறங்கிவிடலாம் என்று படுத்துவிட்டாள். டி.டி.ஆர் வந்தார். புறநகர்ச் சீசனை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸின் முன்பதிவுப் பெட்டியில் உட்கார முடியாது. டிக்கெட் இல்லாமல் பயணம் என்று எழுதிவிட்டார். 250 ரூபாய் அபராதம், கட்டணம் தனி. நான் கொடுத்தனுப்பிய நெத்திலி மூட்டை வேறு காலடியில். ஒரு மாதச் சீசனில் மிச்சம் பிடித்தது அந்த இருபது நிமிஷத்தில் போய்விட்டது. அவர் செய்ததில் தப்பில்லை. ஆனால் எந்தச் சீசன் எந்த வண்டியில் செல்லாது என்பதை டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

2025 ஏப்ரலில் கடற்கரை செங்கல்பட்டு தடத்தில் வந்த ஏசி புறநகர் ரயிலும் இதே வகைதான். அதற்குத் தனி டிக்கெட், தனிச் சீசன், குறைந்த கட்டணமே 35 ரூபாய். சாதாரணச் சீசனோடு குளுகுளு என்று ஏறி உட்கார்ந்தால் மறுபடியும் 250தான். மெட்ரோவில் 10 ரூபாயிலிருந்து 50 வரை. போனில் எடுத்தால் 20 சதவீதம் குறையும். ஆனால் புறநகர்ச் சீசன் அங்கே வாசலைக்கூடத் தாண்டாது. பரங்கிமலையில் இறங்கி மெட்ரோ மாறுகிறவர் இரண்டையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும்.

இதை எழுதும்போது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் போட் மெயில் ஞாபகம் வருகிறது. 1914க்குப் பிறகு எழும்பூரில் ஒரே டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ரயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் ஏறிக் கொழும்பில் இறங்கலாம். நடுவில் கடலே இருந்தது, டிக்கெட் ஒன்றுதான். இன்று ஒரே ஊருக்குள் ரயில் மாறி மெட்ரோ ஏறி பஸ் பிடிக்கிற பிள்ளை மூன்று தடவை காசு கொடுக்கிறாள். 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே போனில் எடுக்கலாம் என்கிறார்கள், நல்லது. ஆனால் எடுக்கிற இடம்தான் ஒன்றாகியிருக்கிறது, தினம் எடுப்பதா சீசனா என்ற கணக்கை அது போட்டுக் கொடுக்காது.

எங்கள் பக்கத்து ரயிலைப் பற்றியும் ஒரு வரி. கொரோனாவில் பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் ஆக்கி, 10 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணத்தை 30 ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில் மறுபடி 10 ஆனது என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. பாம்பனில் நாங்கள் அதைப் படித்துச் சிரித்தோம். 2022 டிசம்பரிலேயே பழைய பாலத்தில் ரயில் நின்றுவிட்டது. 10 ரூபாய் டிக்கெட்டில் ராமநாதபுரம் போக, 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறக்கும்வரை காத்திருந்தோம். சீசனுக்கு 150 கிலோமீட்டர்தான் எல்லை என்பதையும் யாராவது எழுதினால் தேவலை. ராமேஸ்வரம் மதுரை 161 கிலோமீட்டர். மதுரை வரை தினம் போய்வர நினைத்துச் சீசன் கேட்டுத் திரும்பி வந்த பையனை எனக்குத் தெரியும். பதினொரு கிலோமீட்டர் உதைத்தது.

ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு ஜூனிலும், கல்லூரி முடித்த பிள்ளைகள் பெட்டியைக் கட்டும் நேரத்தில், ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். எந்தத் தூரத்துக்கு ஒரு நடை எவ்வளவு, மாதச் சீசன் எவ்வளவு, எத்தனையாவது நாளில் சீசன் கட்டுப்படியாகும், எந்த வண்டியில் அது செல்லாது என்று ஒரு சின்னக் கட்டம் போட்டால் போதும். நாங்கள் வெட்டி எடுத்துப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவோம்.

மகள் இப்போது கூடுவாஞ்சேரியில் அறை பார்த்துவிட்டாள். நாளைக்கே சாமானை ஏற்றட்டுமா என்று கேட்டாள். தாம்பரம் சீசனில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருக்கிறது. அது முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.