சொத்து வரியை உயர்த்தும் முன் காட்டேஜ்களை அளக்கக் கோரி மனு

அனுப்புநர்:
வார்டு குடியிருப்போர்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: வீடாகப் பதிவாகி விடுதியாக நடக்கும் கட்டடங்களுக்கு வணிக வரி விதிப்பது, சிறு வீடுகளுக்கான உயர்வை அதுவரை நிறுத்தி வைப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் நகராட்சியில் சொத்து வரியை மறுபடியும் உயர்த்தப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வார்டு மக்கள் கூடி இதைப் பேசினோம். ஒரு ரூபாய்கூடக் கூட்டக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். தண்ணீர் ஒழுங்காக வந்தால் கூடுதலாகக் கட்டலாம், தப்பில்லை என்று சிலர் சொன்னார்கள். சத்தம் கொஞ்சம் கூடித்தான் போனது. ஆனால் யாரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பதில் இரண்டு தரப்பும் ஒரே பக்கம் நின்றது. அதைச் சொல்லவே இந்த மனு.

2022-இல் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதமும், 1,200 வரை 50 சதவீதமும், 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் வரி கூடியது. சொத்து வரியைச் சீரமைத்தால்தான் மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு வைத்த நிபந்தனையை அரசு அப்போது எடுத்துச் சொன்னது. சரி, வரி இல்லாமல் குப்பை வண்டி ஓடாது என்பது எங்களுக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டாவது கட்டினோம்.

எங்கள் தெருவுக்கு வண்டி வராது. ரோட்டிலிருந்து படிக்கட்டில்தான் இறங்க வேண்டும். கோடையில் குழாயில் தண்ணீர் வர பத்து நாள்கூட ஆகிறது. அதுவும் ராத்திரியில் எந்நேரம் வரும் என்று தெரியாததால், காலிக் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுப் படுப்போம். குடத்தில் தண்ணீர் விழும் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். வராத வாரத்தில் பிக்கப் வண்டிக்காரரிடம் லோடு வாங்குகிறோம். அவர் ரோட்டில் நின்றபடி ஹோஸைக் கீழே விடுவார். கடந்த சீசனில் இப்படித் தண்ணீருக்குக் கொடுத்த பணம் எங்களில் பலருக்கு அரையாண்டு வரியைத் தாண்டிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலைக் கூலியிலும் பென்ஷனிலும் ஓடும் குடும்பங்கள் இவை.

அதே சரிவில், படிக்கட்டுக்கு மேலே ஒரு வீடு. இப்போது அது ஆறு அறை உள்ள காட்டேஜ். அறைக்கு அறை கீசர். வார இறுதியில் கார் நிறுத்த இடம் இருக்காது. ஆனால் வரிப் பதிவேட்டில் அது இன்றைக்கும் குடியிருப்புதான். எங்கள் வார்டில் மட்டும் இப்படிப் பலவற்றைக் காட்ட முடியும். வணிகக் கட்டடத்துக்கு வரி வீதமே வேறு. அந்த வித்தியாசம் நகராட்சிக்கு வராமல் போக, பள்ளத்தை நிரப்ப 450 சதுர அடி வீட்டைத் தேடி வருவது நியாயமா?

2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் வைத்த வரம்பே உதகைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். அத்தனை பேர் குளிக்கும் தண்ணீருக்கும் போடும் குப்பைக்கும் ஆகும் செலவை, அவர்களை வைத்துச் சம்பாதிப்பவர்கள் முதலில் ஏற்கட்டும். விருந்தாளிகள் வருவதில் எங்களுக்கு வருத்தமில்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் டிரைவராக, ரூம் பாயாக அவர்களால்தான் பிழைக்கிறார்கள்.

எனவே காட்டேஜ், ஹோம்ஸ்டேயாக நடக்கும் எல்லாக் கட்டடங்களையும் நேரில் அளந்து, பயன்பாட்டுக்கு ஏற்ப வரி விதிக்க உத்தரவிட வேண்டும். அந்த வேலை முடியும்வரை 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு எந்த உயர்வும் வேண்டாம். அப்புறமும் பணம் போதவில்லை என்றால், எங்கள் வார்டில் வசூலானது எவ்வளவு, குடிநீருக்குச் செலவானது எவ்வளவு என்று பகுதி சபைக் கூட்டத்தில் வாசித்துவிட்டுக் கேளுங்கள். கூட்டவே கூடாது என்று அன்றைக்குச் சொன்னவர்களும் இதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வார்டு குடியிருப்போர்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், வரி ரசீது நகல்கள்