தொட்ட காய்

மயிலாடுதுறை
22-6-2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. கொல்லை மாமரம் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. மொத்தமே முப்பது காய்தான், அதிலும் பாதியை அணில் கொண்டுபோயிற்று.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் செஸ் ஆட்டக்காரர் கார்ல்சன் பேச்சு வந்தால் உனக்குக் குரல் ஏறுகிறது, எனக்கு இருமல் வருகிறது, அம்மா நடுவில் புகுந்து "சாப்பிட்டியா" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. நீ கடைசியாகச் சொன்னது மட்டும் காதிலேயே நிற்கிறது: "ஆட்டத்தைப் பாருங்கப்பா. குணத்தையெல்லாம் பொண்ணு கொடுக்கும்போது பார்த்துக்கலாம்." சிரித்துவிட்டேன். சிரித்தேனே தவிர, ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூன் 1ஆம் தேதி நார்வேயில் ஸ்டவாங்கரில் நீ அந்த அரங்கத்திலேயே இருந்தாய். நான் உள்ளங்கையளவு திரையில் பார்த்தவன். முக்கால்வாசி ஆட்டம் கார்ல்சன் கையில்தான் இருந்தது. கடைசியில் கிளாக் நெருக்க, குகேஷ் தட்டிப் பறித்துவிட்டான். கார்ல்சன் மேஜையை ஓங்கிக் குத்தினார், காய்களெல்லாம் சரிந்தன. நீ உடனே எனக்கு அனுப்பிய செய்தி, "இருந்தாலும் இவர்தான் எக்காலத்துக்கும் பெரிய ஆள்." அது தேவையே இல்லை. மேஜையைக் குத்தியதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. குத்திய கையாலேயே கை கொடுத்தார், மன்னிப்புக் கேட்டார், போகிறபோது அந்தப் பிள்ளையின் முதுகில் தட்டிவிட்டும் போனார். முப்பத்துநான்கு வயது மனுஷன், பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் ஜெயித்த ஆட்டத்தை விட்டால் கோபம் வராதா? உன் தாத்தா சீட்டாட்டத்தில் தோற்றால் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி எறிவார்.

அவருடைய ஆட்டத்தைப் பற்றியும் எனக்கு வழக்கில்லை. 2011இலிருந்து இன்றுவரை முதல் இடம். 2882 என்ற ரேட்டிங்கை வேறு யாரும் தொட்டதில்லை. 2013இல் சென்னையில் நம் ஆனந்தை 6.5-3.5 என்று அடித்தபோது, நீயும் நானும் தூர்தர்ஷன் முன்னால் உட்கார்ந்து வாய் பேசாமல் பார்த்தோமே. அன்றே தெரிந்துவிட்டது. பத்து வருஷம் வைத்திருந்த பட்டத்தை, சலித்துப்போய்விட்டது என்று தானே இறக்கி வைத்துவிட்டுப் போனவர் அவர்.

எனக்கு உறுத்துவது 2022. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் ஹான்ஸ் நீமன் என்ற இளம் ஆட்டக்காரனிடம் தோற்றார். அடுத்த நாள் போட்டியை விட்டே விலகினார். அப்போது காரணம் சொல்லவில்லை. வாய் திறந்தால் வம்பில் மாட்டிக்கொள்வேன் என்று ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் சொல்லும் வீடியோவைப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். உலகம் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொண்டது. நீமன் ஒன்றும் பால்மணம் மாறாத பிள்ளை இல்லை. முன்பு இணையத்தில் ஏமாற்றியதை அவனே ஒப்புக்கொண்டவன். ஆனால் அந்த மேஜையில், அந்த ஆட்டத்தில் ஏமாற்றினான் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. பின்னால் உலக செஸ் சம்மேளனமான ஃபிடே, தகுந்த காரணமில்லாமல் விலகியதற்காக மட்டும் கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் போட்டது. மற்ற குற்றச்சாட்டுகளில் விடுவித்தது. அவருக்கு அது காபிச் செலவு. பத்தொன்பது வயதுப் பையனைச் சந்தேகத்தில் தொங்கவிட்டுப் போனதற்கு எந்தக் கணக்கில் அபராதம் போடுவது?

சரி, இது உனக்கும் எனக்கும் புதிதாக வந்த சண்டை இல்லை. 1972இல் இதே திண்ணையில் உன் தாத்தாவுக்கும் எனக்கும் நடந்தது. அப்போது உன் இடத்தில் நான். எனக்குப் பதினைந்து வயது. ஐஸ்லாந்தில் ரெய்க்யவிக்கில் உலகப் பட்டத்துக்காக அமெரிக்காவின் ஃபிஷரும் சாம்பியனாக இருந்த ரஷ்யாவின் ஸ்பாஸ்கியும் மோதிய நேரம். டீக்கடையில் பேப்பர் பார்த்து, ஆட்டத்தை நோட்டில் எழுதிக்கொண்டு ஓடி வந்து வீட்டில் காய் வைத்துப் பார்ப்பேன். நான் ஃபிஷர் பைத்தியம். தனி ஆளாக ஒரு தேசத்தின் செஸ் பள்ளியையே எதிர்த்து நிற்கிறான் என்று எனக்கு மயிர்க்கூச்செறியும். தாத்தாவுக்குக் காய் நகர்த்தவே தெரியாது. நான் கதை சொல்லக் கேட்டுக்கொண்டே பாக்கு வெட்டுவார்.

கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொல்வேன், கேள். ஃபிஷர் குறித்த நாளில் வரவில்லை. பரிசுத் தொகை போதாது என்றார். இங்கிலாந்துப் பணக்காரர் ஒருவர் அதை இரட்டிப்பாக்கிய பிறகுதான் விமானம் ஏறினார். முதல் ஆட்டத்தில் பிஷப்பை விட்டுக்கொடுத்துத் தோற்றார். கேமரா சத்தம் கேட்கிறது என்று இரண்டாம் ஆட்டத்துக்கு வரவே இல்லை. ஆக 2-0. ஸ்பாஸ்கி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் பட்டம் அவரோடு போயிருக்கும். மாஸ்கோவிலிருந்தும் திரும்பி வா என்றுதான் நெருக்கினார்கள். சட்டமும் அவர் பக்கம், ஊரும் அவர் பக்கம். அவரோ, மூன்றாம் ஆட்டத்தைப் பார்வையாளர் இல்லாத ஒரு பின்னறையில் ஆடச் சம்மதித்தார். ஃபிஷர் கேட்டதும் அதைத்தான். அந்த அறையில்தான் ஃபிஷர் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஸ்பாஸ்கியை ஜெயித்தார். அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஆறாம் ஆட்டம் முடிந்தபோது அரங்கம் எழுந்து கை தட்டியது. தோற்ற ஸ்பாஸ்கியும் சேர்ந்து தட்டினார்.

இதைச் சொன்னதும் தாத்தா பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "அப்ப பெரிய ஆட்டக்காரன் அந்த ரஷ்யாக்காரன்தான்டா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. ஆட்டமே தெரியாதவர் ஆட்டக்காரனை எடை போடுவதா? 12.5-8.5 என்று ஸ்கோர் சொல்லவில்லையா?

வயது ஆக ஆகத்தான் தாத்தா பார்த்தது எனக்குத் தெரிந்தது. ஃபிஷரின் மகிமை என்று நாம் கொண்டாடுவது முழுவதும் ஸ்பாஸ்கி மூடாமல் விட்ட ஒரு கதவு வழியாக வந்தது. அவர் விதிப்புத்தகத்தைத் தூக்கிக் காட்டியிருந்தால், ஃபிஷர் என்பவர் வராமல் போன ஒரு கிறுக்கர், அவ்வளவுதான். சாம்பியன்களின் பட்டியல் போடுகிறபோது ஸ்பாஸ்கியை நீங்களெல்லாம் எட்டாவது, பத்தாவது என்று எங்கோ வைக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் கூட இல்லை.

பிறகு ஃபிஷர் எப்படிப் போனார் என்பதை எழுதவே கசக்கிறது. 1975இல் அடுத்த எதிராளி கார்ப்போவோடு ஆட மறுத்துப் பட்டத்தை இழந்தார். 1972க்குப் பிறகு இருபது வருஷம் போட்டிகளில் ஆளைக் காணோம். 1992இல் தடையை மீறி யுகோஸ்லாவியாவில் மறுபடி ஸ்பாஸ்கியோடு ஆடினார். அமெரிக்க அரசின் எச்சரிக்கைக் கடிதத்தின்மேல் எல்லார் முன்னிலையிலும் துப்பினார். தாயே யூதப் பெண்ணாக இருந்தும் யூதர்களைப் பற்றி வாய்கூசும்படி பேசினார். இரட்டைக் கோபுரம் விழுந்த அன்று ரேடியோவில் மகிழ்ந்தார். அவருடைய ஆட்டங்களை இன்றும் நான் பலகையில் வைத்துப் பார்க்கிறேன், அதில் ஒரு கறையும் இல்லை. ஆட்டம் வேறு, குணம் வேறு என்று நீ சொல்கிற அந்தப் பிரிவினை இந்த ஒரு மனிதர் விஷயத்தில் எனக்கும் வேண்டியிருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 2004இல் ஜப்பானில் ஃபிஷரைப் பிடித்து வைத்தபோது ஸ்பாஸ்கி அமெரிக்க ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். நானும் அதே குற்றம்தான் செய்தேன், என்னையும் பிடியுங்கள், இருவரையும் ஒரே அறையில் போட்டு ஒரு செஸ் பலகை கொடுங்கள் என்று. தன்னிடமிருந்து பட்டத்தைப் பறித்தவனுக்காக. இந்தப் பிப்ரவரியில் ஸ்பாஸ்கி காலமான செய்தியைப் படித்தபோது தாத்தா இல்லையே என்று இருந்தது.

பழைய உலக சாம்பியன் காஸ்பரோவைப் பற்றி நீ கேட்டாய். கார்ல்சனுக்கு முன் நான் வைப்பது அவரைத்தான், ஏறக்குறைய இருபது வருஷம் உச்சியில் நின்றவர். 1995இல் நியூயார்க்கில் ஆனந்தோடு ஆடியபோது நகர்த்திவிட்டு எழுந்து போய்க் கதவை அடித்துச் சாத்துவாராம். அதே மனிதர் 2010இல் உலகப் பட்டப் போட்டியில் டோபலோவுக்கு எதிராக ஆனந்துக்குத் தயாரிப்பில் உதவியிருக்கிறார். கார்ல்சனும்தான் உதவினார், அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள். ஆளை ஒரு நாளை வைத்து எடைபோடக் கூடாது என்று நீ சொல்வாய். சரி.

ஆனால் காஸ்பரோவின் ஒரு நாளை நான் விட மாட்டேன். 1994, ஸ்பெயினில் லினாரஸ். எதிரே யூடிட் போல்கர், பதினேழு வயதுப் பெண். செஸ்ஸில் தொட்ட காயைத்தான் ஆட வேண்டும், வைத்துக் கை விட்டால் மாற்றக்கூடாது. காஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்தார், விரல் காயை விட்டது, தப்பு என்று உறைத்தது, மறுபடி எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். கால் வினாடி நேரம் கை விட்டது பின்னால் வீடியோவில் தெரிந்தது. கை விட்டதே தனக்குத் தெரியாது, மனசாட்சி சுத்தம் என்றார் அவர். அந்தப் பெண் அப்போது ஆர்பிட்டரை, அதாவது நடுவரை, கூப்பிடவில்லை. அவ்வளவு பெரிய போட்டிக்கு முதன்முதலாக அழைத்திருக்கிறார்கள், உலக சாம்பியன்மேல் புகார் சொல்லிக் கசப்பு உண்டாக்க வேண்டாம் என்று இருந்துவிட்டாள். தோற்றாள். பெண்களின் ஆட்டத்தை இளப்பமாகப் பேசிய அந்த மனிதரை 2002இல் மாஸ்கோவில் ஜெயித்துத்தான் கணக்கைத் தீர்த்தாள்.

இந்தக் கதையை நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! போன ஞாயிறும் ஆரம்பித்தேன். நீ "அந்தக் கதை வேண்டாம்ப்பா" என்று சட்டென்று வெட்டினாய். போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்தக் குரலையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். கார்ல்சனுக்காக இல்லை.

2007, தஞ்சாவூர். ஒரு பள்ளிக்கூட ஹாலில் பதினொரு வயதுக்குட்பட்டோர் போட்டி, கடைசிச் சுற்று. பெற்றோரெல்லாம் ஜன்னல் கம்பிக்கு வெளியே. உன் எதிரே ஒரு பையன், ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிச் சீருடையில் வந்திருந்தான். நீ யானையைத் தொட்டாய். தொட்டாய் என்ன, தூக்கி அரை அங்குலம் நகர்த்தினாய். வைத்துவிட்டு ராணியை ஆடினாய். அவன் கையைத் தூக்கினான். ஆர்பிட்டர் வந்து "தொட்டியாப்பா?" என்று கேட்டார். "இல்ல சார்." பக்கத்து மேஜைப் பிள்ளைகள் யாரும் பார்க்கவில்லை. அப்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பினாய். நேராக என்னைப் பார்த்தாய்.

நான் கையிலிருந்த பேப்பரைப் பிரித்துப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பார்க்கவில்லை என்று நீ நினைத்திருக்கலாம். பார்த்தேன், தம்பி. நன்றாகப் பார்த்தேன். வெளியிலிருந்து பெற்றோர் பேசக்கூடாது என்று விதி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஆட்டத்தை ஜெயித்தால் கோப்பை என்பதும் எனக்குத் தெரியும். பஸ்ஸில் கும்பகோணம் வரை கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன், பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அசதி என்றேன் அம்மாவிடம். இரண்டு வருஷத்தில் போட்டிக்குப் போவதை நிறுத்தினாய். படிப்பு என்று எல்லாரிடமும் சொன்னோம். காரணம் அதுதானா என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்குப் பத்து வயது. எனக்கு ஐம்பது.

டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பட்டம் ஜெயித்ததும் அழுதானே, அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக அதன் கட்டத்தில் அடுக்கினானே, அப்போது அம்மா என்னைப் பார்த்து "நீங்க ஏன் அழறீங்க" என்றாள். சந்தோஷம் என்று சொல்லிவைத்தேன்.

போன வாரம் பரணிலிருந்து உன் பச்சை ஃபைலை இறக்கினேன். அந்தப் பையன் பெயரைப் பார்க்கலாம் என்றுதான். தஞ்சாவூர் போட்டியில் ஆட்டத்தை எழுதிய ஸ்கோர் ஷீட்டுகள் வரிசையாக இருக்கின்றன, உன் கோழிக்கிறுக்கலில். கடைசிச் சுற்று ஷீட் மட்டும் இல்லை. நீ எடுத்து வைத்திருக்கிறாயா, அப்போதே கிழித்துவிட்டாயா?

பெயர் நினைவிருந்தால் எழுது. போனில் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா